கண்ணாடித் தூள் ஒட்டிய வேட்டி

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்து பழகியவர்கள் நாம். யாரும் சொல்லித் தரவில்லை, கால் தானாகத் திரும்பிக்கொள்ளும். சட்டைக் கையைத் தூக்கிப் பாருங்கள், அம்மை குத்திய வட்டத் தழும்பு உங்களுக்கும் இருக்கும். அந்தத் தழும்பு உள்ளவர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். என் பேத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். காட்டியிருக்கலாம்தான். ஏன் காட்டவில்லை என்பதற்குத்தான் இத்தனை பேச்சு.

அறுபதுகளின் பின்பாதியில் ஓர் ஆடி மாதம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஓட்டு வீட்டிலிருந்து அம்மா மண்டபம் படித்துறைக்கு ஒரே ஓட்டத்தில் ஓடிவிடலாம். அப்பா ரயிலில் கார்டு. வீட்டில் இருந்த நாட்களைவிடப் பச்சைக் கொடியோடு எங்கோ நின்ற நாட்களே அவருக்கு அதிகம். அதனால் வீடு என்றால் எனக்குப் பெரியம்மா, அம்மா, சித்தப்பா, அப்புறம் தவழக்கூடத் தொடங்காத என் தம்பி. பெரியம்மா அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா போன பிறகு சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான். பிள்ளை பெறாதவள் என்றுதான் அப்போது நான் நினைத்திருந்தேன். பிடிக்காத பேச்சை யாராவது எடுத்தால் மறுத்துப் பேசமாட்டாள். "அது என் காதுக்குள்ள நுழையல" என்பாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் படுத்துவிடும்.

சித்தப்பா கல்யாணமாகாதவர். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலை. சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கூடத்தை ஒட்டிய சின்ன அறைக்குள் புகுந்துவிடுவார். ஈயம் உருகும் புகை, சூடான வால்வின் வாடை, செம்பை அரிக்கிற மருந்தின் துரு வாடை எல்லாம் கலந்து அந்த அறைக்கென்று ஒரு மூச்சு இருந்தது. கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து சொந்தமாக டிரான்சிஸ்டர் ரேடியோ செய்து விற்பது அவர் கனவு. அதற்கு உள்ளே வைக்க ஒரு தட்டு வேண்டும். ஒரு பக்கம் மெல்லிய செம்புத் தகடு ஒட்டிய பலகை. அதில் பெயிண்டால் கோடு இழுத்து மருந்தில் முக்கினால் கோட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் கரைந்து போகும். மிஞ்சியதே ஒயருக்குப் பதில். சித்தப்பா அதைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் காட்டும்போது கோலம் தானாகவே முளைத்து வந்ததுபோல் இருக்கும்.

முதலில் அவர் அறுத்தது பழுப்பு நிறப் பலகை. ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முற்றத்து ஓரமாக உட்கார்ந்து அறுப்பார். மூக்குப்பொடி மாதிரி தூள் விழும். ஒருநாள் அது பறந்து போய் பெரியம்மா காயவைத்திருந்த வடகத்தில் படிந்துவிட்டது. அன்று பெரியம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கடைசியில், "கொழுந்தனாரே, வெட்டுறது உங்க இஷ்டம். அள்ளுறதும் நீங்களே அள்ளிடுங்க" என்றாள்.

சித்தப்பா ரோஷக்காரர், சுத்தக்காரரும்கூட. மறுநாளிலிருந்து தன் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்துக் கீழே விரித்து, அதன்மேல் மணையை வைத்துத்தான் அறுத்தார். வேலை முடிந்ததும் வேட்டியின் நாலு முனையையும் கூட்டிப் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய் உதறுவார். ஒரு பொட்டுத் தூள் தரையில் இருக்காது. "இப்ப சொல்லுங்க அண்ணி" என்று தரையைக் காட்டுவார். பெரியம்மா தரையைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அவளிடமிருந்து அதற்குமேல் பாராட்டை யாரும் வாங்கியதில்லை.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கூட்டாளி ஒரு புதுப் பலகையைக் கொண்டுவந்தார். பெரிய கடைவீதிக்குப் பின்னால் பழைய ஊரில் அவர் வீடு. அவருடைய மச்சான் கப்பலில் வேலை பார்த்தவர். லீவில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து டிரான்சிஸ்டர்களோடு இதையும் பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இளம்பச்சை நிறம். செம்பு இல்லாத பக்கத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் மங்கலாக ஊடுருவும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைந்தது போல இழைகள் தெரியும். சூடு பட்டால் வளையாது, கீழே விழுந்தால் உடையாது என்று கூட்டாளி பெருமையாகச் சொன்னார். சித்தப்பா அதைக் கையில் வாங்கி, விரலால் சுண்டிப் பார்த்து, காதோரம் வைத்து மறுபடி சுண்டிப் பார்த்தார். புதுத் தவிலை வாங்குகிறவர் மாதிரி இருந்தது.

அந்த இழை கண்ணாடி என்று இருவருக்குமே தெரியாது. பழுப்புப் பலகையை எப்படி அறுத்தாரோ அப்படியே இதையும் அறுத்தார்.

இல்லை, அப்படியே என்று சொல்ல முடியாது. ஆடிக் காற்று வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும், காவிரி மணலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வரும். முற்றத்தில் உட்கார முடியாது. அதனால் அறைக்குள்ளேயே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறுத்தார். பல்லைக் கூசவைக்கும் சத்தம். மாட்டுக்குக் கொம்பு சீவும்போது வருமே, அந்தக் கருகல் வாடை. விழுந்த தூளோ வெள்ளை வெளேரென்று பச்சரிசி மாவு போல இருந்தது. அரத்தால் ஓரத்தை ராவும்போது இன்னும் மெல்லியதாக, புகை போலக் கிளம்பும். ஜன்னல் இடுக்கில் நுழைந்த வெயிலில் அது மினுக்கியதை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். எவ்வளவு அழகு என்று நினைத்தேன்.

வழக்கம்போல வேட்டியைக் கொல்லையில் உதறினார். பழுப்புத் தூள் கனமானது, உதறினால் விழுந்துவிடும். இது விழவில்லை. நூலுக்குள் நூலாக உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்குத் தெரியாததால் வேட்டி சுத்தமாகவே இருந்தது. பலகை முழுவதையும் துண்டு போட்டு முடித்தபின், இனி வேலை இல்லை என்று அதை அழகாக மடித்துப் பழந்துணி மூட்டையில் வைத்துவிட்டார். சித்தப்பா எதையும் எடுத்த இடத்தில் வைப்பவர்.

அந்த வாரமே தம்பியின் தூளி கிழிந்தது. அம்மா மூட்டையை அவிழ்த்து அந்த வேட்டியை எடுத்தாள். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "பூ மாதிரி இருக்கு" என்றாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்த கை அது. அந்தக் கைக்கு என்ன தெரியும்.

மறுநாள் தம்பியின் முதுகெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக இருந்தது. பிடரி, தொடையின் பின்பக்கம், ஒரு கன்னம். கண் ஓரமும் சிவந்திருந்தது. அழுது அழுது குரல் கம்மிப்போய், நடுநடுவே வறட்டு இருமல். பெரியம்மா அவனைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். கைகால் கழுவிவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள்.

ஆடி மாதம், சமயபுரத்துக்காரி பக்கத்திலேயே இருக்கிறாள், பச்சைக் குழந்தை உடம்பில் சிவப்புப் பொரி. நம் காலத்தில் இதை வேறு என்னவென்று நினைத்திருப்பார்கள், சொல்லுங்கள்.

அதன்பிறகு வீட்டின் சட்டமே மாறிவிட்டது. தாளிப்பு இல்லை, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. தலை வாரக்கூடாது. துடைப்பம் தொடக்கூடாது. துணி துவைக்கக்கூடாது, முக்கியமாகப் படுக்கைத் துணி. குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே கூடாது. ரம்பச் சத்தம், சுத்தியல் சத்தம் ஆகாது என்று சித்தப்பாவின் அறையும் பூட்டப்பட்டது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறுவது என் வேலை. பெரியம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அவன் முதுகில் மெதுவாகத் தேய்ப்பாள். அரிப்பு அடங்கும் என்பாள். தேய்க்கத் தேய்க்க அவன் வில்லாக வளைவான். கண்ணாடியை நாங்களே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் என்ற பேச்சை அம்மா ஒருமுறை எடுத்தாள். அது பெரியம்மாவின் காதுக்குள் நுழையவில்லை. அதோடு இன்னொரு பயமும் இருந்தது. வெளியே தெரிந்தால் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து குழந்தையை அம்மை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விடுவார்கள் என்று தெருவில் சொல்லிக்கொள்வார்கள். அம்மை குத்துகிறவர் சைக்கிளில் தெருவைக் கடந்தபோது அம்மா தம்பியின் வாயைப் பொத்தாத குறைதான். மணிச் சத்தம் கோடிவீட்டைத் தாண்டும்வரை மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சித்தப்பா வேறு மாதிரி ஆகிவிட்டார். சாப்பிடவில்லை. முழுக்கைச் சட்டையை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. தூளி இருந்த பக்கமே வராமல் கொல்லைப்படியில் உட்கார்ந்து கிடந்தார். தொழில் நின்றுபோன கவலை என்று பெரியம்மா முணுமுணுத்தாள். காரணம் அதுவல்ல என்று பின்னால்தான் தெரிந்தது.

அம்மை என்றால் பொரி முத்தாக வேண்டும், முத்தில் நீர் கோக்க வேண்டும், பிறகு வாடி உதிர வேண்டும். அம்மா ஒவ்வொரு காலையும் தம்பியின் முதுகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். முத்து வரவே இல்லை. சிவப்பு மட்டும் பரவிக்கொண்டே போனது.

"முத்தே காணோமேக்கா" என்றாள் அம்மா.

பெரியம்மா அவன் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு மெல்ல, "உள்முத்தா இருக்கும்" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். உள்முத்து போட்ட பிள்ளை பிழைப்பதில்லை என்று எனக்கே தெரியும், அந்த வயதிலேயே. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்தாள். தம்பி பால் குடிப்பதைக் குறைத்துவிட்டிருந்தான். மார்பில் வாயை வைப்பான், இருமல் வரும், விட்டுவிடுவான். அழக்கூடச் சக்தி இல்லாமல் முனகல் மட்டும் கேட்கும். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா எந்த ஊரில் எந்த வண்டியோடு இருந்தாரோ.

ஆனால் அம்மா ஒன்றைக் கவனித்துவிட்டிருந்தாள். மடியில் அவள் சேலைமேல் கிடந்தால் பிள்ளை கொஞ்சம் கண்ணயர்கிறான். தூளியில் போட்டால் துடிக்கிறான். எடுத்தால் சற்று நேரத்தில் அடங்குகிறான். பெரியம்மாவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவளுக்கு வேறு அர்த்தம் பட்டது. "தூளியில ஆத்தா உட்கார்ந்திருக்கா. நல்லா ஆட்டச் சொல்றா" என்று சொல்லி இன்னும் வேகமாக ஆட்டினாள். ஆட்ட ஆட்ட அலறினான். அம்மா சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் கூடத்துக் கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். காலையில் அதன் வழியாக வெயில் ஒரு தூண் போல இறங்கும். ஒருநாள் அந்தத் தூண் தூளிக்கு நேரே விழுந்த நேரத்தில், அம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டு வெறும் தூளியைக் கையால் தள்ளினாள். தூளி வெயிலுக்குள் போய் வந்தது. அதிலிருந்து ஏதோ மினுமினுத்து உதிர்ந்தது. ஜரிகைத் தூள் மாதிரி. அம்மா மறுபடி தள்ளினாள். மறுபடியும் உதிர்ந்தது.

அவள் தம்பியைத் தன் சேலை ஒன்றில் சுற்றி என் மடியில் வைத்தாள். தூளியை அவிழ்த்தாள். அந்த வேட்டியைத் தன் கழுத்தைச் சுற்றி இறுக்கமாகப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கஞ்சிக்கு உலை வைத்தாள். குளிருக்குத் துண்டு சுற்றியவள் மாதிரி இருந்தது. நான் கேட்டதற்கு, சும்மா இரு என்று கண்ணால் சொன்னாள்.

கஞ்சி இறக்கும்போது அவள் கழுத்து செக்கச்செவேல் என்று தடித்திருந்தது.

பெரியம்மா பார்த்துவிட்டாள். கையிலிருந்த சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "உனக்குமாடி" என்றாள். குரலில் உயிரே இல்லை.

"இது அம்மை இல்லக்கா. உலை வைக்கறப்ப சுத்தினேன், கஞ்சி கொதிக்கிறதுக்குள்ள வந்துடுச்சு. அம்மை இப்படியா வரும்?"

"அவ நெனச்சா கண்ணு இமைக்கிற நேரம் போதும்."

பாருங்கள், அம்மா தன் கழுத்தையே கொடுத்துக் கண்டுபிடித்ததை அந்த ஒரு வார்த்தை இல்லாமல் ஆக்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே சிவப்பைத்தான் பார்த்தார்கள். அம்மாவுக்குத் துணி தெரிந்தது, பெரியம்மாவுக்கு ஆத்தா தெரிந்தாள். எனக்கு இருவர் சொல்வதும் உண்மை என்றே பட்டது, அதனால் பயம் இரண்டு மடங்கானது.

கொல்லைப்படியில் இருந்த சித்தப்பா எழுந்து வந்தார். அம்மாவின் கழுத்தையும் தோளில் கிடந்த வேட்டியையும் பார்த்தார். முழுக்கைச் சட்டையை மெல்ல மேலே சுருட்டினார். முழங்கை வரை பழைய தடிப்பின் கறுப்புத் தழும்புகள்.

"எனக்குத்தான் அண்ணி முதல்ல வந்துச்சு. வெளிய சொன்னா வேலைக்குப் போக விடமாட்டீங்கன்னு மறைச்சேன். நான்தான் புள்ளைக்கு ஒட்டவச்சிட்டேன்னு இத்தனை நாளா..." அவரால் முடிக்க முடியவில்லை. சற்றுப் பொறுத்து, "ஆனா அறுக்குறத நிறுத்தினதும் தானா போயிடுச்சு. வேப்பிலைத் தண்ணி ஊத்தல, ஒண்ணும் பண்ணல. இது நான் அறுக்கும்போது விரிக்கிற வேட்டி" என்றார்.

அவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனார்.

வெயில் ஏறியபோது கூட்டாளியையும் அவர் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் வேப்பிலையைப் பார்த்ததும் அவர்கள் படியேறவில்லை. எதிர்வீட்டுச் சுவர் நிழலில் நின்றார்கள். பெரியம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேச்சு நடந்தது. மச்சான் ஒரு பலகைத் துண்டைத் தூக்கிப் பிடித்து உடைந்த ஓரத்தைக் காட்டினார்.

"இது துணி மாதிரித்தாம்மா நெய்யுறாங்க. ஆனா நூலு கண்ணாடி நூலு. பசைய ஊத்திப் பலகையாக்கிடறாங்க."

"கண்ணாடிய எப்படிப்பா நூலா நூக்கிறது? என் காதுக்குள்ள நுழையல."

"நுழைஞ்சா காதும் அரிக்கும்மா" என்றார் கூட்டாளி. யாரும் சிரிக்கவில்லை. மச்சான் அவரை முறைத்தார்.

கப்பலில் சூட்டுக் குழாய்களுக்கு மேல் இதே கண்ணாடி நூலைத்தான் சுற்றுவார்களாம். புதிதாக வருகிறவன் தெரியாமல் கையாண்டுவிட்டு ராத்திரியெல்லாம் சொறிவானாம். அதற்கு என்ன செய்வார்கள் என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். மச்சான் சொன்னது எனக்கு இன்னும் வரி மாறாமல் இருக்கிறது.

"பச்சத் தண்ணிதாங்க. ஊத்திக்கிட்டே இருக்கணும். தேய்க்கவே கூடாது. சுடுதண்ணி ஆகாது. அந்தத் துணிய மறுபடி கிட்டயே கொண்டுவரக் கூடாது."

பச்சைத் தண்ணீர். அம்மை போட்ட பிள்ளைக்கு எது எமன் என்று பெரியம்மா நம்பினாளோ அதே பச்சைத் தண்ணீர். அம்மை இறங்கினாலும் வெயிலில் வைத்த தண்ணீரில்தான், வேப்பிலை போட்டு, நாள் பார்த்து ஊற்றுவார்கள். நடுவில் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும்.

அவர்கள் போனபின் அம்மா கிணற்றடியில் ஒரு குடம் தண்ணீர் இறைத்து வைத்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெரியம்மா குறுக்கே வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எனக்கும் ஒருத்தன் இருந்தான். உனக்குத் தெரியாது, நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்ன. மேலெல்லாம் பொரிஞ்சுது. வேர்க்குருன்னு நெனச்சு நான்தான் குளிப்பாட்டினேன். இதே கல்லுல வச்சு." சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அம்மையா இருந்துச்சு."

சித்தப்பா துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அம்மா செய்ததை நான் வாழ்நாளில் வேறு யாரும் செய்து பார்த்ததில்லை. தம்பியைப் பெரியம்மா கையில் கொடுத்தாள்.

"நீங்களே பாருங்கக்கா. நீங்க வேணாம்னா நான் ஊத்தல."

பெரியம்மா பிள்ளையை வாங்கி வெயிலில் பிடித்தாள். மல்லாக்கப் பார்த்தாள். நெஞ்சு, வயிறு, முழங்கால் எல்லாம் வெண்ணெய் போல இருந்தன. குப்புறத் திருப்பினாள். பிடரியிலிருந்து குதிகால்வரை தணல். மறுபடி மல்லாக்கத் திருப்பினாள். நெற்றியைத் தடவினாள். மறுபடி குப்புற. எவ்வளவு நேரம் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாளோ. பிள்ளை அவள் கையில் துணிமாதிரி தொங்கினான்.

"அவ வந்தா மொதல்ல முகம் பூரா வருவா. நெஞ்சுக்கு வருவா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "முதுகுல மட்டும் உட்கார்றவ இல்ல அவ."

குடத்தை அவளே தூக்கினாள். ஊற்றுவதற்கு முன்னால் சமயபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஆத்தா, நீதான் வந்திருக்கேன்னா தண்ணி ஊத்துனது நானு. இவ இல்ல. கேக்கறதா இருந்தா என்னைக் கேளு."

முதல் தண்ணீர் பட்டதும் தம்பி விறைத்தான், மூச்சு நின்றதுபோல இருந்தது. அம்மா என் தோளை அழுத்திய விரல்தடம் மறுநாள்வரை இருந்தது. அப்புறம் அவன் வீலென்று கத்தினான். பெரியம்மா தேய்க்கவில்லை. கை படாமல் ஊற்றினாள், ஊற்றினாள், சித்தப்பா இறைக்க இறைக்க ஊற்றிக்கொண்டே இருந்தாள். பெட்டியிலிருந்து தன் பட்டுப்போன்ற பழைய சேலையை எடுத்து, முதலில் தன் கன்னத்தில் நன்றாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு, அவனைச் சுற்றினாள்.

பிறகு காத்திருந்தோம். ஜன்னி வருகிறதா என்று பெரியம்மா அவன் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். அவன் தூங்கினான். இவ்வளவு நேரம் தூங்கலாமா என்று அம்மாவுக்குப் பயம். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். கோயில் பக்கமிருந்து சாயரட்சை மேளம் கேட்டபோதும் தூங்கிக்கொண்டிருந்தான். விளக்கு வைத்த பிறகு அசைந்தான், முகத்தைச் சுளித்தான், அழுதான். எல்லோரும் பதறி எழுந்தோம். பெரியம்மா மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது பசிடி. பால குடு" என்றாள். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை.

அந்த வேட்டியை ஆற்றில் விடலாம் என்றார் சித்தப்பா. குளிக்கிறவன் உடம்பில் ஏறும் என்று பெரியம்மா ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். வேப்பிலையை மட்டும் அவள் உடனே எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றாள். சமயபுரத்துக்கு முடிந்து வைத்த காணிக்கையையும் அவிழ்க்கவில்லை.

சித்தப்பா இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று துண்டுப் பலகைகளைக் கூட்டாளியிடம் கொடுத்துவிடப் பார்த்தார். ஆச்சரியம், தடுத்தது பெரியம்மா. தூள் எப்படிப்பட்டது என்று ஒருமுறை தெரிந்துவிட்டதும், அதை எப்படி நடத்துவது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தீட்டை நடத்துவது போலவே நடத்தினாள். சாவு வீட்டுக்குப் போய்வந்தவனுக்கு என்ன சட்டமோ, பலகை அறுத்தவனுக்கும் அதே சட்டம்.

ஆவணியில் காற்று அடங்கிய ஒரு காலையில் மறுபடி அறுத்தார். கொல்லைக் கோடியில், வீட்டுக்குக் காற்று வராத பக்கமாக உட்கார்ந்து. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி, பலகையும் பிளேடும் தண்ணீருக்குள் இருக்க, மெதுவாக. தண்ணீர் பால்போல் வெளுத்தது, தூள் ஒன்றுகூட எழும்பவில்லை. மூக்கையும் வாயையும் ஈரத்துண்டால் கட்டியிருந்தார். ஓரத்தை அரத்தால் ராவ விடவில்லை பெரியம்மா, ஈரக்கல்லில் தண்ணீர் விட்டு உரசச் சொன்னாள். தெளிந்த பின் அடியில் தங்கிய சேற்றை ஈரக் காகிதத்தால் வழித்துக் குழியில் போட்டு மூடினார்கள். அறுத்தவர் எதையும் தொடாமல், கட்டிய துணியோடு, கிணற்றடியில் தலைவழியாக ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே வரலாம். அந்தத் துணிக்குத் தனிக் கொடி. பெரியம்மா தூரத்தில் நின்று ஒவ்வொன்றாக ஏவிக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

அம்மா மட்டும் வீட்டிலேயே இல்லை. சித்தப்பா பிளேடைக் கையில் எடுத்ததும் தம்பியைத் தூக்கிக்கொண்டு காவிரிக்குப் போய்விட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, தூளே வரவில்லை என்று அவளிடம் சொல்ல நான் படித்துறைக்கு ஓடினேன். ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அம்மா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி, கொழுகொழு என்று, பொக்கை வாயால் தன் கைவிரலைச் சப்பிக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். எழுந்து, பின்னால் ஒரு படி நகர்ந்தாள். தம்பியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ எங்க நின்ன?" என்றாள்.

பெரியம்மா பின்னால்தான், தள்ளித்தான், தண்ணீருக்குள்தான் அறுத்தார் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் காதில் எதுவும் விழவில்லை. ஆற்றை நோக்கிக் கையை நீட்டினாள். பாவாடை சட்டையோடு இறங்கினேன். படித்துறைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்தேன். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக அண்ணாந்து பார்த்தேன். மேலே அம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னொருக்க" என்றாள்.